பூனையின் இதயமும் எக்ஸ்ரே படமும்

பூனைகளுக்கு அதிகமாக வரும் இதய நோய், இடது கீழறையின் தசை தடித்துப்போவது. மருத்துவர்கள் இதை ஹெச்.சி.எம். என்பார்கள். 2015-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், நலமாகத் தெரிந்த 780 பூனைகளில் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு இந்த நோய் இருந்தது. சுவர் உட்புறமாகத் தடிப்பதால் இதயத்தின் வெளித்தோற்றம் மாறாமலே இருக்கலாம். எக்ஸ்ரேயில் விழுவது அந்த வெளித்தோற்றம் மட்டுமே. சுவரும் உள்ளிருக்கும் ரத்தமும் ஒரே வெண்மையாகத்தான் தெரியும்.

இதயம் பெருத்திருக்கிறதா என்று பார்க்க ஓர் அளவுமுறை உண்டு. பக்கவாட்டில் எடுத்த படத்தில் இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, நான்காவது மார்பு முள்ளெலும்பிலிருந்து எத்தனை எலும்புக்கு வருகிறது என்று எண்ணிக் கூட்டுவார்கள். பூனைக்குச் சராசரி ஏழரை. எட்டைத் தாண்டினால் சந்தேகம். எட்டுக்குள் வந்தது என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நோயின் தொடக்கத்தில் இருக்கும் பூனைக்கு எக்ஸ்ரே பார்த்து நற்சான்று தருவது தவறு.

படம் கைகொடுப்பது நோய் முற்றிய பிறகு. மேலறை பெருத்திருப்பதும், நுரையீரலில் நீர் கோத்திருப்பதும், மூச்சிரைப்புக்கு இதயம் காரணமா ஆஸ்துமா காரணமா என்பதும் ஓரளவு தெரியவரும். ஆனால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையை மேசையில் அழுத்திப் பிடித்துப் படம் எடுத்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ஆக்சிஜனும் நீர் பிரியவைக்கும் ஊசியும்; படம் பிறகுதான்.

தடிப்பை நேராகக் காட்டுவது எக்கோ எனப்படும் ஒலியலைப் படம். இதயம் விரியும் நிலையில் சுவர் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நோய் என்று கொள்வார்கள். ரத்தக் கொதிப்பும் தைராய்டும் காரணமில்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

உணவுக் குறையால் வரும் இன்னோர் இதய நோயும் உண்டு. சீர்காழிப் பக்கம் பூனைக்குப் பால்சோறும் தயிர்சாதமும் வைப்பது வழக்கம். பூனையின் உணவில் இருந்தாக வேண்டிய டாரின் என்ற சத்து அரிசியில் இல்லை, பாலில் மிகக் குறைவு. டாரின் குறைந்தால் இதயம் விரிந்து தளரும் என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பால் பியான் 1987-இல் நிறுவினார். இப்படி விரியும் நோயில் இதயம் வெளிப்புறமும் பெருப்பதால் எக்ஸ்ரேயில் தெரிய வாய்ப்பு அதிகம். காலத்தோடு டாரின் கொடுத்தால் பல பூனைகள் தேறும். வயலில் எலி பிடிக்கும் பூனைக்கு இந்தக் குறை வராது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பூனைக்குத்தான் கவலை. அருகிலுள்ள பழையாறு மீன்பிடித் துறைமுகத்தில் கரையேறும் மீனை வேகவைத்து, வெந்த நீரையும் சோற்றோடு பிசைந்து வைப்பது நல்லது. டாரின் அந்த நீரில்தான் இறங்குகிறது.

இத்தகைய சோதனைகளுக்கு நாடக்கூடிய, 2012-இல் தொடங்கிய ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி சீர்காழியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரம் போகுமுன் வீட்டிலேயே பார்க்கக்கூடியது மூச்சு. தூங்கும் பூனையின் மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பின்னங்கால்கள் திடீரென விழுந்து, பாதம் குளிர்ந்து வெளுத்தால் ரத்தக்கட்டி அடைத்திருக்கும். அப்போது எக்ஸ்ரேக்கோ எக்கோவுக்கோ காத்திராமல் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கு உடனே தூக்கிச் செல்ல வேண்டும்.