பூங்காக் குளத்தில் கடற்படைச் சண்டை!

"டுமீல்! டுமீல்!"

பீரங்கிகள் முழங்குகின்றன. தண்ணீர் பொங்கி எழுகிறது. எங்கும் ஒரே புகை! தலைக்கு மேல் விமானம் பறந்து வந்து குண்டு போடுகிறது. ஒரு போர்க்கப்பல் தீப்பிடித்து எரிகிறது.

கரையில் கூடியிருக்கும் ஆயிரக்கணக்கான மக்களில் ஒருவர்கூட ஓடவில்லை. குழந்தைகள் கை தட்டுகிறார்கள். தாய்மார்கள் சிரிக்கிறார்கள்!

சண்டை முடிகிறது. கப்பல்களுக்குள் இருந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். அவர்கள் மாலுமிகள் அல்ல. நகரசபை ஊழியர்கள்!

இந்த வேடிக்கை நடக்கும் இடம், இங்கிலாந்தில் உள்ள ஸ்கார்பரோ. இது வடகிழக்குக் கடற்கரையில் இருக்கும் ஊர். அங்கே "பீஸ்ஹோம் பூங்கா" என்று ஒரு பூங்கா இருக்கிறது. பூங்காவின் நடுவே பெரிய குளம். 1927-ம் ஆண்டில் அந்தக் குளத்தில் முதல் சண்டை நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நின்று, பிறகு மறுபடியும் தொடங்கியது. அன்று பார்த்த குழந்தைகள் வளர்ந்து, தங்கள் பேரக் குழந்தைகளை அழைத்து வந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆள் உட்காரும் கப்பல்

பொம்மைக் கப்பல் என்றால், கையில் தூக்கும் அளவு என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொன்றும் சுமார் 20 அடி நீளம்! உள்ளே ஓர் ஆள் உட்காரலாம். வெளியே இருந்து பார்த்தால் ஆள் இருப்பதே தெரியாது. அவர்தான் மாலுமி, அவர்தான் தளபதி!

தொடக்கத்தில் இந்தக் கப்பல்கள் ஆள் பலத்தால் ஓடின. பிறகு மின்சார மோட்டார் வந்தது. ஆனாலும் உள்ளே இருந்து சுக்கான் பிடிக்க ஆள் வேண்டும்.

பீரங்கிச் சத்தமும் புகையும் வாணவேடிக்கைச் சரக்குதான். விமானம் கம்பியில் சறுக்கி வருகிறது. எல்லாரும் கணக்காக வேலை செய்ய வேண்டும். ஒருவர் முந்திக்கொண்டாலும், குண்டு விழும் முன்பே கப்பல் எரிந்துவிடும்!

உண்மைக் குண்டு விழுந்த நாள்

ஆனால் இந்த ஊர் உண்மையான போர்க்கப்பல்களையும் பார்த்திருக்கிறது.

1914-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி. காலை 8 மணி. பள்ளிக்குப் போகப் பிள்ளைகள் புறப்படும் நேரம். கடலில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் தோன்றின. ஊரை நோக்கிக் குண்டுகளைப் பொழிந்தன. ஒரே வீட்டில் 4 பேர் மாண்டார்கள். இறந்தவர்களில் 14 மாதக் கைக்குழந்தையும் ஒன்று.

அதே ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு, "எம்டன்" என்ற ஜெர்மன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் மூட்டை முடிச்சுடன் ஊரை விட்டு ஓடினார்கள். "எம்டன்" என்ற சொல் தமிழிலேயே தங்கிவிட்டது. ஆகவே ஸ்கார்பரோ மக்கள் பட்ட பயம் நமக்குப் புதிது அல்ல.

அந்தப் பயம் நடந்து 13 ஆண்டுகள் கழித்து, அதே ஊர் பூங்காக் குளத்தில் போர்க்கப்பல்களை மிதக்க விட்டது. அழ வைத்த கப்பல், சிரிக்க வைக்கும் கப்பல் ஆயிற்று!

பிளேட் ஆற்றுச் சண்டை

முதலில், முதல் உலகப் போர்க் காலத்துக் கப்பல்களைப் போலச் செய்து ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கதை மாறியது. "பிளேட் ஆற்றுச் சண்டை" குளத்துக்கு வந்தது.

அந்தச் சண்டை, தென் அமெரிக்கக் கடலில் 1939-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி நடந்தது. ஜெர்மனியின் "கிராப் ஸ்பீ" 610 அடி நீளமுள்ள போர்க்கப்பல். அதற்கு முன்பே அது 9 சரக்குக் கப்பல்களை மூழ்கடித்திருந்தது. ஆனால் அந்தக் கப்பல்களில் இருந்த ஒருவரையும் சாக விடவில்லை. எல்லாரையும் காப்பாற்றிய பிறகே மூழ்கடித்தார், அதன் தளபதி லாங்ஸ்டார்ப்.

எக்சிட்டர், அஜாக்ஸ், அக்கிலிஸ் என்ற 3 கப்பல்கள் அதை எதிர்த்தன. இந்த மூன்றிலும் 72 பேர் மாண்டார்கள். கிராப் ஸ்பீயில் 36 பேர் மாண்டார்கள். 4 நாள் கழித்து லாங்ஸ்டார்ப் தன் கப்பலைத் தானே வெடி வைத்து மூழ்கடித்தார். மாலுமிகளைக் கரை சேர்த்துவிட்டு, சில நாளில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார்.

இந்தியாவுக்கு வந்த கப்பல்

சண்டையில் தப்பிய அக்கிலிஸ் என்ன ஆயிற்று? 1948-ம் ஆண்டில் இந்தியா அதை வாங்கியது. "டெல்லி" என்று பெயர் சூட்டியது. சுதந்திர இந்தியாவின் கடற்படைக்கு அது பெருமை சேர்த்தது.

இந்தச் சண்டையைப் பற்றி 1956-ம் ஆண்டில் ஓர் ஆங்கிலப் படம் வெளிவந்தது. அதில் அக்கிலிஸ் வேடத்தில் நடித்தது யார்? நமது "டெல்லி"யேதான்! 1978-ம் ஆண்டில் அது ஓய்வு பெற்றது. பிறகு உடைக்கப்பட்டது. இரும்புக் கப்பல் போய்விட்டது. குளத்தில் சண்டை மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

நிஜச் சண்டையில் செத்தவர்கள் 108 பேர். குளத்துச் சண்டையில் எத்தனை முறை குண்டு வெடித்தாலும், எரிந்த கப்பலின் "தளபதி" உடை தட்டிக்கொண்டு எழுந்து வருகிறார். கரையில் இருக்கும் குழந்தைகளுக்குக் கை அசைக்கிறார். பிறகு வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார்.

அடுத்த ஆட்டத்துக்கு மறுபடியும் வருவார்!