மழைக்கு முன்னே திறக்கும் மாடி

நாளை கனமழை என்று செய்தியில் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் தளும்பி நிற்கிறது. இப்போதே அதைத் திறந்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் நம் கிருஷ்ணகிரி மாவட்டப் பர்கூரில் எந்த அம்மாவாவது சம்மதிப்பாரா? ஆனால் அந்த வேலையைத் தானாகவே செய்யும் மொட்டை மாடிகள் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் இருக்கின்றன.

2018 முதல் 2022 வரை அங்கே ‘ரெசிலியோ’ என்ற திட்டம் நடந்தது. சுமார் 10,000 சதுர மீட்டர் மாடிப் பரப்பைப் பசுமையாக்கினார்கள். மேலே செடிகள், அதன் கீழே மண், மண்ணுக்கு அடியில் பிளாஸ்டிக் பெட்டிகள், எல்லாவற்றுக்கும் கீழே தண்ணீர் கசியாத விரிப்பு. மழைநீர் மண் வழியே இறங்கிப் பெட்டிகளில் தேங்கும். வெயில் காயும்போது, அகல் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, பெட்டிகளுக்குள் இருக்கும் திரிகள் வழியே நீர் மேலேறி வேர்களுக்குப் போய்ச் சேரும். பம்பு வேண்டாம், கரண்டு வேண்டாம். நுண்புழை ஏற்றம் என்று பாடத்தில் வருகிறதே, அதுதான் இது.

இந்த மாடியின் மூளை வடிகால் வாயில் இருக்கிறது. அங்கே ஒரு வால்வு, அதை இயக்க ஒரு சின்னக் கணினி. பெட்டிகளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். வானிலை முன்னறிவிப்பும் இணையம் வழியே வந்துகொண்டே இருக்கும். பெருமழை வருகிறது என்றால், அதற்கு முன்பே வால்வைத் திறந்து தேவையான அளவு நீரை வடித்துவிடும். மழை இல்லை என்றால் இறுக மூடி வைத்துக்கொள்ளும்.

எவ்வளவு வடிப்பது? அந்தக் கணக்கை நீங்களே போடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பிடிக்கும் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8,000 லிட்டர். அது நிறைந்திருக்கும்போது 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால் ஏறக்குறைய 10,000 லிட்டரும் தெருவுக்குத்தான் ஓடும். முந்தின நாளே மெதுவாக வடித்து வைத்திருந்தால் 8,000 லிட்டரை மாடியே பிடித்துக்கொள்ளும். தெருவுக்கு வருவது 2,000 லிட்டர்தான்.

10 சென்டிமீட்டர் எல்லாம் பெய்யுமா என்று கேட்காதீர்கள். ஒரே நாளில் சுமார் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் வரை பெய்தால்தான் வானிலை ஆய்வு மையம் அதைக் ‘கனமழை’ என்கிறது. 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் ‘அதி கனமழை’. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் பெய்தது! 100 சதுர மீட்டர் மாடி ஒன்றில் மட்டும் 50,000 லிட்டர், அதாவது நாலு பெரிய டேங்கர் லாரித் தண்ணீர். சாலையில் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட மழையை எந்த மாடியாலும் தாங்கிப் பிடிக்க முடியாது. ஆனால் ஆண்டுதோறும் வரும் சாதாரணக் கனமழைக்கு இது நிச்சயம் உதவும்.

சரி, மழை வரும் என்று நம்பித் தண்ணீரை வடித்தாகிவிட்டது. மழை வரவில்லை! செடி வாடுமே? இதுதான் இந்த முறையில் உள்ள பெரிய சிக்கல். முன்னறிவிப்பு என்பது வாய்ப்பைச் சொல்வது, வாக்குறுதி அல்ல. அதிலும் கோடையில் இடியோடு வரும் மழை பர்கூரில் கொட்டிவிட்டுக் கிருஷ்ணகிரியில் ஒரு சொட்டுகூட விழாமல் போய்விடும். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்கள் நிறைந்த ஊர். வடித்த நீர் போனால் போகட்டும் என்று இருக்கலாம். நாம் இருப்பது பாறை பூமி. கருங்கல்லுக்குப் பேர்போன மாவட்டம். ஆழ்துளைக் கிணறு தோண்டினால் தூசிதான் முதலில் பறக்கும். அதனால் நம் ஊரில் மாடியிலிருந்து வடிக்கும் நீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. கீழே சம்ப்புக்கோ, கிணற்றுக்கோ போக வேண்டும். மழை ஏமாற்றினாலும் தண்ணீர் நம்மிடமே இருக்கும்.

இன்றைக்கே நம் வீட்டு மாடியில் இதைச் செய்துவிடலாமா? வேண்டாம். 8 சென்டிமீட்டர் நீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 80 கிலோ. ஈர மண்ணும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டிவிடும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக் கணக்கில்தான் கட்டுகிறார்கள். தகரக் கூரை போட்ட தொழிற்சாலைகள் அதையும் தாங்காது. ஓசூரிலும் பர்கூரிலும் புதிதாக எழும்பும் கான்கிரீட் கட்டடங்களுக்குத்தான், வரைபடம் போடும்போதே பொறியாளர் கணக்கிட்டுச் செய்தால், இது பொருந்தும். தண்ணீர் வெளியேறும் வாய்களில் கொசுவலை கட்டாயம். டெங்கு கொசு பெரும்பாலும் நல்ல நீரில்தான் முட்டையிடும்.

மாடிக்குச் சொன்னது அணைக்கும் பொருந்தும். நந்தி மலையில் பிறந்து வரும் தென்பெண்ணை, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை, சாத்தனூர் அணை என்று இறங்கிக் கடலூர் போகிறது. அதே ஃபெஞ்சல் மழையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறக்க வேண்டி வந்தது. முன்பே படிப்படியாகத் திறந்து இடம் விட்டிருக்கலாமே என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. எச்சரிக்கை கொடுத்த பிறகே திறந்தோம் என்றது அரசு. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று முடிவெடுப்பவர் தலையில் எவ்வளவு பாரம் இருக்கிறது, பாருங்கள்.

நீங்களும் அந்த முடிவை எடுத்துப் பழகுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கும் டப்பா ஒன்றை, மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே நிற்கும் நீரை அளவுகோலால் அளந்து, மில்லிமீட்டரில் நோட்டில் எழுதி, டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள். வானிலை மையமும் அதே நேரத்தில்தான் அன்றாட மழையைக் கணக்கெடுக்கிறது. பக்கத்திலேயே முந்தின நாள் வந்த முன்னறிவிப்பையும், ‘வால்வைத் திறந்திருப்பேனா, மூடியிருப்பேனா’ என்ற உங்கள் முடிவையும் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் எத்தனை நாள் உங்கள் முடிவு சரியாக இருந்தது என்று எண்ணி, எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.