‘டக்’ என்றொரு சத்தம்: கார் ஏசி கிளட்ச், அன்றும் இன்றும்

1940ஆம் ஆண்டு மாடல் பேக்கார்ட் காரில் ஏசியை முழுதாக நிறுத்த வேண்டுமென்றால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். எஞ்சினை அணைத்து, பானட்டைத் தூக்கி, கம்ப்ரசரின் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் கார் அது. ஏசிக்கு மட்டும் 274 டாலர். குளிரூட்டும் பெட்டி பின்னால் டிக்கியில் இருந்தது. தெர்மோஸ்டாட் கிடையாது. குளிரைக் கூட்டவும் குறைக்கவும் விசிறியின் வேகம் ஒன்றுதான் வழி. எஞ்சின் ஓடும் வரை கம்ப்ரசரும் ஓடிக்கொண்டே இருக்கும். 1941க்குப் பிறகு அந்த வசதியையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஏற்பாட்டில் இல்லாதிருந்த முக்கியமான உறுப்பு கிளட்ச். 1954இல் பான்டியாக் கார்களின் ஏசியில் காந்தக் கிளட்ச் வந்தது. அதன் பிறகு எஞ்சின் ஓடும்போதே கம்ப்ரசரை இணைக்கவும் பிரிக்கவும் ஒரு சுவிட்ச் போதும் என்றாயிற்று. பெல்ட் சுற்றும் புல்லி தன் பேரிங்கின் மேல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். அதன் பின்னால் அசையாமல் ஒரு காயில். முன்னால், கம்ப்ரசரின் தண்டோடு பிணைந்த ஓர் இரும்புத் தட்டு. காயிலுக்கு 12 வோல்ட் போனால் அது காந்தமாகித் தட்டை இழுக்கும். தட்டு புல்லியோடு ஒட்டிக்கொள்ள, கம்ப்ரசர் சுழலத் தொடங்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் தட்டைப் பின்னுக்கு இழுத்துவிடும். ஏசி பொத்தானைத் தட்டியதும் பானட்டுக்குள் கேட்கும் ‘டக்’ இந்தத் தட்டு ஒட்டும் சத்தம்தான்.

நம் ஊரில் அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் காரில் ஏசி என்பது பெரிய மனிதர்களின் சமாச்சாரம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, நடுத்தரக் குடும்பமும் ஏசி காரைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது. ஆனால் அதன் எஞ்சின் 796 சிசி. திறன் 40 குதிரைக்கும் குறைவு. அதில் சில குதிரைகளைக் கம்ப்ரசரே தின்றுவிடும். சிக்னலில் நிற்கும்போது கிளட்ச் ஒட்டினால் வண்டி ஒருமுறை குலுங்கும். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் ஓட்டுநரின் விரல் முதலில் ஏசி பொத்தானுக்குப் போகும். அணைத்து, முந்தி, மறுபடி போடுவார். ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் முடியும் வரை ஏசி கிடையாது, ஜன்னல் காற்றுதான். கம்ப்ரசரை எப்போது வேலை வாங்குவது என்பதை அன்று ஓட்டுநரே முடிவு செய்தார்.

இன்று அந்த முடிவு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் கையில். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் அதுவே சில நொடிகளுக்குக் கிளட்சைப் பிரித்துவிடும். முந்தி முடித்ததும் சேர்த்துவிடும். ஓட்டுபவருக்குத் தெரிவதுகூட இல்லை.

பழுது பார்ப்பதிலும் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, ஆனால் நாம் வழக்கமாகப் பெருமூச்சு விடும் திசையில் அல்ல. ‘அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் நாமே சரிசெய்வோம்’ என்பது கார்புரேட்டருக்கும் பிளக்குக்கும் பொருந்தும், ஏசிக்குப் பொருந்தாது. கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவி மாட்டத் தெரிந்தவர்களும் கம்ப்ரசர் பக்கம் கை வைக்க மாட்டார்கள். அது ஏசி மெக்கானிக்கின் தனி ராஜ்ஜியம். குளிரவில்லை என்று போய் நின்றால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “கேஸ் இல்ல சார், அடிச்சுடலாம்.” உள்ளே மிச்சமிருப்பதைக் காற்றில் திறந்துவிட்டுப் புதிதாக அடிப்பார்கள். அன்று அடித்த ஆர்-12 வாயு ஓசோன் படலத்தை அரிப்பது. 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டு, இந்தியாவில் 2003 முதல் புதிய ஏசிகளுக்குத் தடை செய்யப்பட்டது.

பல வண்டிகளில் கேஸ் குறைந்தே இருக்காது. கிளட்சில்தான் கோளாறு. அதன் அடையாளம் ஒன்று உண்டு: காலையில் நன்றாகக் குளிரும், மதிய வெயிலில் அரை மணி நேரம் ஓடியதும் வெறும் காற்று வரும், வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி குளிரும். கேஸ் கசிந்துபோன வண்டி இப்படி வேளை பார்த்து நடந்துகொள்ளாது.

காரணம் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. பல கம்ப்ரசர்களில் அது 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு விசிட்டிங் கார்டுகளின் கனம். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் இரும்பு துளித்துளியாகத் தேயும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இடைவெளி அகன்றுவிடும். காந்தத்தின் இழுப்போ, இடைவெளி இரட்டிப்பானால் ஏறக்குறைய கால்பங்காகக் குறையக்கூடியது. இதோடு சூடும் சேர்ந்துகொள்கிறது. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். எஞ்சின் பக்கத்தில் காயில் 70 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதில் ஓடும் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். காலையில் எப்படியோ இழுத்துவிட்ட காந்தம் மதியம் தோற்றுவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். குளிர் நின்ற அந்த நேரத்திலேயே, எஞ்சின் ஓட, ஏசி போட்டபடி, காயிலுக்குப் போகும் ஒயரில் வோல்ட் பார்க்க வேண்டும். பெல்ட்டுக்கும் விசிறிக்கும் கை, சட்டை, துப்பட்டா எதுவும் எட்டாதபடி. 12 வோல்ட்டுக்குக் குறையாமல் வந்தும் தட்டு ஒட்டவில்லையென்றால் குற்றவாளி காயில் அல்லது இடைவெளி. வோல்ட்டே வரவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, தெர்மோஸ்டாட், பிரஷர் சுவிட்ச் என்று பின்னோக்கிப் போக வேண்டும். கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் பிரஷர் சுவிட்ச்தான் மின்சாரத்தை மறித்திருக்கும். பிறகு எஞ்சினை அணைத்து, ஒயரைப் பிடுங்கிக் காயிலின் மின்தடையைப் பார்க்கலாம். பொதுவாக 3 முதல் 5 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. சில காயில்களுக்குள் சூட்டில் அறுந்துபோகும் ஒரு ஃபியூஸையும் வைத்திருப்பார்கள். அது போனாலும் இதே நிலைதான்.

இடைவெளிதான் காரணம் என்றால் மருந்து எளிது. எஞ்சின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பல கார்களில் சக்கரத்தைக் கழற்றி, பக்கத்துப் பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தால் கம்ப்ரசரின் முகம் தெரியும். தட்டு சுழலாமல் பிடித்துக்கொண்டு நடுவிலுள்ள போல்ட்டைக் கழற்றினால் தட்டு வெளியே வரும். துருவில் இறுகியிருந்தால் அதற்கென்று உள்ள புல்லரால்தான் இழுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தட்டு வளையும். தட்டுக்குப் பின்னால், தண்டின் மேல் மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஷிம் என்பது அதைத்தான். அதில் ஒன்றை எடுத்துவிட்டோ, அதைவிட மெல்லியதைப் போட்டோ மாட்ட வேண்டும். பிறகு ஃபீலர் கேஜால் சுற்றிலும் மூன்று நான்கு இடங்களில் இடைவெளியை அளக்க வேண்டும். அளவு மிகக் குறைந்துவிட்டால் ஏசி அணைந்திருக்கும்போதும் தட்டு உரசிக்கொண்டே இருந்து, சூடேறிக் கருகும். எந்தக் குழாயையும் தொட வேண்டியதில்லை. தண்டின் சீல் உள்ளே இருப்பதால் கேஸ் வெளியே வராது. வேலை முழுவதும் கம்ப்ரசரின் முகத்தோடு முடிந்துவிடும்.

புல்லியின் பேரிங் கெட்டிருக்கிறதா என்று அறியக் காதே போதும். ஏசி போட்டாலும் அணைத்தாலும் ஒரே மாதிரி இரைச்சல் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புல்லி பேரிங். ஏசி போடும்போது மட்டும் கரகரத்தால் கோளாறு பெரும்பாலும் கம்ப்ரசருக்குள். முன்னது சில்லறைச் செலவு. பின்னது கம்ப்ரசரையே மாற்றும் செலவு.

1980களில் இதெல்லாம் வீட்டு வாசலில் நடக்கும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. மீட்டர் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தது. இன்று சில நூறு ரூபாய்க்கு மீட்டர் கிடைக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகம் தேடலாம். பழைய வண்டியின் பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. ஏசி கிளட்சை நாமே சரிசெய்யும் பொற்காலம் உண்மையில் இப்போதுதான்.

ஆனால் இப்போதுதான் கிளட்சும் விடைபெறத் தொடங்கியிருக்கிறது. பல ஜெர்மன் கார்களின் கம்ப்ரசரில் காந்தக் கிளட்ச் கிடையாது. எஞ்சினோடு கம்ப்ரசரும் எப்போதும் சுழலும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை உள்ளிருக்கும் வால்வு ஒன்று கூட்டிக் குறைக்கும். ஒருவகையில் பேக்கார்டின் ஏற்பாடே புத்தியோடு திரும்பி வந்திருக்கிறது. உள்ளே கம்ப்ரசர் இறுகிவிட்டால் பெல்ட் அறுந்துபோகாதபடி புல்லியின் முகத்தில் ஒரு பகுதி தானே உடைந்து விலகிவிடும். அதில் ‘டக்’ இல்லை, குலுக்கல் இல்லை, குளிரும் சீராக வரும். கோளாறு வந்தால் காதுக்கு எதுவும் எட்டாது. ஸ்கேனர் சொன்னால்தான் உண்டு.

மின்கார்களில் பெல்ட்டே இல்லை. கம்ப்ரசருக்குள்ளேயே மோட்டார், பல கார்களில் 300 வோல்ட்டுக்கும் மேல். ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் வீட்டு மெக்கானிக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு ஊற்றும் எண்ணெய்கூட மின்சாரம் கடத்தாத வகையாக இருக்க வேண்டும். பழைய கார்களின் எண்ணெய் கலந்தால் காப்பு கெடும். பல மின்கார்களில் அதே கம்ப்ரசர் பேட்டரியையும் குளிர்விக்கிறது. சார்ஜ் ஏறும்போது, உள்ளே ஆளே இல்லாமல்கூட அது ஓடும்.

வண்டிகளில் ஏசியின் இடமும் மாறிவிட்டது. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்கிறது இந்திய அரசின் விதி. முந்திப் போவதற்காக அன்று யாருடைய வண்டிக்குப் பின்னால் ஏசியை அணைத்தோமோ, அந்த ஓட்டுநருக்கும் இனி குளிர்காற்று உண்டு.

ஆனாலும் நம் சாலைகளில் கிளட்ச் வைத்த கார்கள்தான் இன்னும் மிகுதி. பதினைந்து ஆண்டு முடிந்து, பதிவைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்களும் நிறையப் பேர். ஷிம்மை எடுக்க அவர்களில் எல்லோருக்கும் கை வராது, வரவேண்டியதும் இல்லை. அடுத்த முறை யாராவது “கேஸ் அடிச்சுடலாம்” என்றால், “காயிலுக்கு வோல்ட் வருதா, கிளட்ச் கேப் எவ்வளவு இருக்கு, பார்த்துட்டீங்களா அண்ணா?” என்று கேட்டுவிட்டாலே போதும். பார்க்காமல் பேசியவர் மீட்டரை எடுக்கப் போவார்.