தட்டில் மிஞ்சும் சோறும் எமது பழைய பசியும்

மாலை ஆறு மணி. மனோர் பார்க்கில் எம்மவர் வீடுகள் பலவற்றில் இந்நேரத்தில் ஒரே காட்சிதான். மூன்று வயதுப் பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டிருக்கின்றது. தாய் சோற்றைக் குழைத்துக் கையில் வைத்திருக்கின்றார். தந்தை கைத்தொலைபேசியில் படம் காட்டுகின்றார். "இன்னும் ஒரே ஒரு வாய், ராசா" என்று அம்மம்மா கெஞ்சுகின்றார். ஈற்றில் பிள்ளை அழ, தாயும் கலங்க, பிஸ்கற்றுடனும் போத்தல் பாலுடனும் அன்றைய இரவு முடிகின்றது.

"தாய் பழக்கிய பழக்கம்" என உறவினர் குறை கூறுவர். அது நியாயமன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007இல் பிறந்த இரட்டைப் பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்த இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், 2024இல் தமது முடிவை வெளியிட்டனர். உணவில் அடம்பிடிக்கும் இயல்பில் பிள்ளைக்குப் பிள்ளை காணப்படும் வேறுபாட்டுக்கு, பதினாறு மாத வயதில் 60 வீதமும், மூன்று வயதிலிருந்து 70 வீதத்துக்கு மேலும் பரம்பரையே காரணம் என்பது அவர்கள் கண்டது. புதிய உணவைக் கண்டு அஞ்சுவது இரண்டு முதல் ஆறு வயது வரையான பருவத்துக்கு இயல்பானது.

அவ்வாறாயின் குடும்பத்தின் பங்கு என்ன? பிள்ளையின் இயல்பை நாம் ஆக்கவில்லை. ஆனால் உணவு வேளையைப் போர்க்களமாக்குவதும் அமைதியாக்குவதும் எமது கையிலேயே உள்ளது.

இங்கு எமக்கெனத் தனியானதொரு சுமையும் உண்டு. இன்றைய இளம் பெற்றோரிற் பலர் 1990களின் பொருளாதாரத் தடையிலோ, 2009இல் வன்னியின் இறுதி நாட்களில் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையிலோ நின்ற பிள்ளைகள். பசியை அறிந்த கண்களால் தட்டில் மிஞ்சும் சோற்றைப் பார்த்திருக்க முடிவதில்லை. அந்த வேதனையை நாம் மதிக்கின்றோம். எனினும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வரலாறு தெரியாது. வற்புறுத்தல் மட்டுமே தெரியும்.

வற்புறுத்தல் எதிர்விளைவையே தரும். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சூப்பைக் குடித்து முடிக்குமாறு தூண்டப்பட்ட பாலர்கள், தூண்டப்படாத வேளையிலும் பார்க்கக் குறைவாகவே உண்டனர். பரிசு காட்டி ஊட்டுவதும் அவ்வாறே. பரிசுக்காகப் பருகிய பானத்தைப் பிள்ளைகள் பின்னர் குறைவாகவே விரும்பினர் என்பதை 1984இல் லியான் பேர்ச் குழுவினர் காட்டினர். "கீரை சாப்பிட்டால் சொக்கிலேற்" எனும்போது, கீரை தண்டனையென்றே பிள்ளை விளங்கிக்கொள்கின்றது.

அடுத்தது போத்தல் பால். சோறு உண்ணாத பிள்ளைக்குப் பாலாவது கொடுப்போம் என எண்ணுகின்றோம். பாலால் வயிறு நிறைந்த பிள்ளைக்குப் பசி எவ்வாறு வரும்? பசுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. 1998இல் வெளியான ஆய்வொன்று, இங்கிலாந்தில் வாழும் இரண்டு வயதுத் தெற்காசியப் பிள்ளைகளிற் பலருக்கு இரத்தச்சோகை இருப்பதைக் கண்டது. மிகையான பசுப்பாலும் போத்தற் பழக்கமும் அதனோடு தொடர்புற்றிருந்தன. ஒரு வயதின் பின் நாளொன்றுக்கு 350 மில்லிலீற்றர் அளவு பால் போதும். அதையும் கோப்பையிற் கொடுப்பதே நன்று. தேநீர் வேண்டாம், அது இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். பருப்பிலும் கீரையிலும் தேசிக்காய்ப் புளி சேர்த்தால் அச்சத்து நன்கு சேரும்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அனைவரும் ஒன்றாக உட்காருவோம். தூள் போடுமுன் பிள்ளையின் பங்கை எடுத்துவைப்போம். பிள்ளை விரும்பும் இடியப்பத்தின் அருகே ஒரு கரண்டி பூசணிக்காய்க் கறியையும் வைப்போம், உண்ணும்படி கேளாதிருப்போம். ஒரு புதிய உணவு பத்துத் தடவைக்கு மேலும் தட்டுக்கு வரவேண்டியிருக்கலாம். என்ன, எப்போது என்பதை நாம் தீர்மானிப்போம். எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். அரை மணி நேரத்தில் தட்டை முகம் சுளிக்காது எடுத்துவிடுவோம். அம்மம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்த ஒழுங்கு ஒன்றாகவே இருக்கவேண்டும்.

எடை குறைந்தாலோ, முகம் வெளிறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, உண்ணும் உணவுகள் மிகச் சிலவாகச் சுருங்கினாலோ தாமதியாது குடும்ப வைத்தியரை நாடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குரிய விற்றமின் துளிகள் பற்றியும் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கோருவதற்குத் தயங்கவேண்டாம்.

எமது பிள்ளைகள் பசியை அறியாது வளரவேண்டும் என்பதற்காகவே கடல் கடந்தோம். அவர்கள் உணவைக் கண்டு அஞ்சாது வளரவும் வழிசெய்வோம்.