இலையை வென்ற ஆலை

சென்னையை அடுத்த முடிச்சூரிலிருந்து ஜிஎஸ்டி சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் இரண்டு மணி நேரத்தில் திண்டிவனம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அந்த வட்டாரத்தில் அவுரி இன்றும் அங்கங்கே பயிராகிறது. 19ஆம் நூற்றாண்டில் அது நீலச் சாயத்துக்கான ஏற்றுமதிப் பயிர். அந்த வியாபாரத்தை முடித்துவைத்தது, ரைன் நதிக்கரையில் லுத்விக்ஸ்ஹாஃபன் நகரில் இயங்கிய பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனம்.

அறுத்த அவுரியைத் தொட்டி நீரில் ஊறப்போடுவார்கள். இலையிலுள்ள இண்டிகன் என்ற பொருள் நொதித்து, இண்டாக்சிலாகி நீரில் இறங்கும். நீர் பச்சை கலந்த மஞ்சளாகும். அதை அடுத்த தொட்டிக்கு விட்டு, ஆட்கள் இறங்கிக் காலால் அடிப்பார்கள். காற்றின் ஆக்சிஜன் கலக்கக் கலக்க நுரை நீலமேறும், சாயம் வண்டலாகப் படியும். காய்ச்சிப் பிழிந்து வில்லை போட்டால் சரக்கு தயார்.

நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுக்க 1865இல் தொடங்கப்பட்டது பிஏஎஸ்எஃப். 1880இல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் ஆய்வகத்தில் நீலத்தை உருவாக்கிவிட்டார். ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. நிறுவனம் 17 ஆண்டுகளில் 1.8 கோடி மார்க் கொட்டியது. வழி திறந்தது ஒரு விபத்து. அந்துருண்டை செய்யப் பயன்படும் நாஃப்தலீனைக் கந்தக அமிலத்தில் காய்ச்சும்போது வெப்பமானி உடைந்து பாதரசம் சிந்த, வினை வேகமெடுத்தது. பாதரசம் வினையூக்கி என்று தெரிந்ததும் நீலத்துக்கான மூலப்பொருள் மலிந்தது. 1897இல் ஆலை நீலம் கடைக்கு வந்தது.

இலையில் வந்தாலும் ஆலையில் வந்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். சாயப்பட்டறைக்காரர் தரம் மாறாத, மலிவான சரக்கைத்தானே வாங்குவார்? 1897இல் ஏறத்தாழ 19,000 டன்னாக இருந்த செடிநீல உற்பத்தி, 1914இல் 1,000 டன்னாகச் சுருங்கியது.

இதே நிறுவனம்தான் 1913இல், ஃப்ரிட்ஸ் ஹேபர் கண்ட முறையை கார்ல் போஷ் ஆலைக்குக் கொண்டுவர, காற்றின் நைட்ரஜனை அமோனியாவாக்கியது. நம் வயலுக்கு வரும் யூரியா அந்த வழியில் பிறந்தது. 1925இல் ஐஜி ஃபார்பன் என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனக் கூட்டில் இணைந்து, ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம் கைதிகளின் உழைப்பைச் சுரண்டிய வரலாறும் இதற்கு உண்டு.

இத்தனை வேதியியலுக்கும் தப்பிய சந்தை ஒன்று அவுரிக்கு மிச்சமிருக்கிறது. உருவாகி முடிந்த நீலம் நீரில் கரையாது, தலைமுடிக்குள் இறங்காது. காய்ந்த அவுரி இலைப் பொடியிலோ நீலம் இன்னும் பிறக்கவே இல்லை. குழைத்துப் பூசினால் இண்டாக்சில் முடிக்குள் புகுந்து, அங்கே காற்றுப்பட்டு நீலமாகும். மருதாணிச் சிவப்பின்மேல் ஏறினால் கருப்பு. நாட்டு மருந்துக் கடைகளில் அவுரிப் பொடி இன்றும் விலைபோவது, அதன் வேலை பாதியில் நிற்பதால்தான்.