கரி செய்யும் தூய்மை

கரியைத் தொட்டால் கை கறுக்கும். இஃது எவரும் அறிந்ததே. அக்கரியே நீரைத் தூய்மை செய்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? நம் வீட்டுக் குழாய்களில் பொருத்தப்படும் நீர் வடிகட்டிகள் பலவற்றின் உள்ளே இருப்பது கரிதான்.

ஆயினும் அஃது அடுப்புக்கரி அன்று. செடெனாக் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். செம்பனைக் கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்தபின் எஞ்சும் ஓடும், தேங்காய்ச் சிரட்டையும் இக்கரிக்கு ஏற்ற மூலப்பொருள்கள். இவற்றை முதலில் காற்றுப் புகாத கலத்தில் இட்டுக் கரியாக்குவர். பின்னர் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதனுள் நீராவியைச் செலுத்துவர். நீராவி கரியைச் சிறிது சிறிதாக அரித்து, கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்கும். இதுவே கிளர்வுற்ற கரி. ஒரு கிராம் கரியிலுள்ள துளைகளின் உட்சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்ப முடியுமாயின், அவை ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் இடத்தை அடைக்கும். ஏழெட்டுக் கிராம் கரிக்குள் ஒரு காற்பந்துத் திடலே அடங்கிவிடுகிறது!

நீர் இதன் வழியே செல்லுகையில், நிறமும் நாற்றமும் தரும் பொருள்களின் மூலக்கூறுகள் அச்சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு நீரை உறிஞ்சுவது போன்றதன்று இது; சுவரில் தூசி படிவது போன்றது. அறிவியலார் இதனைப் பரப்புக் கவர்ச்சி என்பர். காற்றிலும் இவ்வாறே நிகழ்கிறது. முதல் உலகப் போரில் நச்சுவாயு வீசப்பட்டபோது, 1915ஆம் ஆண்டில் நிக்கொலாய் செலின்ஸ்கி என்னும் ரஷ்ய வேதியியல் அறிஞர் இத்தகைய கரியைக் கொண்டு முகமூடி அமைத்தார்.

எனினும் கரியால் ஆகாதனவும் உண்டு. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அமோனியா மிகுந்ததால் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. அமோனியாவைச் சாதாரணக் கரி பெரிதும் பற்றி நிறுத்துவதில்லை. நீரில் கரைந்த உப்பும் அவ்வாறே நழுவிச் சென்றுவிடும். கிருமிகளைக் கொல்லும் ஆற்றலும் கரிக்கு இல்லை.

பலரும் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. குழாய் நீரில் கிருமிகள் பெருகாதிருக்கக் குளோரின் சேர்க்கின்றனர். கரி அக்குளோரினையும் நீக்கிவிடுகிறது. நீரின் மணமும் சுவையும் நன்றாகின்றன, காவல் போய்விடுகிறது! நெடுநாள் மாற்றப்படாத கரியில் கிருமிகள் குடியேறிப் பெருகக்கூடும். ஆகவேதான் வடிகட்டிய நீரையும் காய்ச்சிப் பருகச் சொல்கின்றனர். துளைகள் நிரம்பிய பழைய கரியும் புதுக்கரியும் பார்வைக்கு ஒன்றுபோலவே கறுத்திருக்கும். அதனால் கரியை மாற்றிய நாளை ஒரு தாளில் எழுதி, வடிகட்டியின் மீதே ஒட்டி வைக்கலாம்.