"கேட் மூடினா எங்களுக்கு யாவாரம்!"
கோடம்பாக்கம் டீக்கடைக்காரர் சொல்லும் பழைய கதை

சென்னை கோடம்பாக்கம் மேம்பாலத்தில் பஸ்சிலும் ஸ்கூட்டரிலும் தினமும் பறக்கிறோம். அங்கே ஒரு காலத்தில் பாலம் கிடையாது, ரெயில்வே கேட்தான் இருந்தது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்?

ஞாபகம் உள்ள ஒருவர் பவர் ஹவுஸ் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். வயது 72. இந்த மாதக் கடைசியில் கடையைக் காலி செய்கிறார். பழைய கட்டிடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம்.

பாய்லரைத் துடைத்தபடியே அவர் பேசினார்.

"நைனா கேட்டாண்ட வேர்க்கடலை வித்தாரு சார். நான் பொட்டலம் மடிச்சுக் குடுப்பேன். கேட் மூடினா எங்களுக்கு யாவாரம். ரெயில் லேட்டுன்னா இன்னும் கொண்டாட்டம்!"

1931-லேயே மின்சார ரெயில் ஓடத் தொடங்கிய பாதை அது. கேட் அடிக்கடி மூடும். ஸ்டூடியோவுக்குப் போகும் நட்சத்திரங்களின் கார்களும் நின்றுதான் ஆக வேண்டும். எம்.ஜி.ஆர். காரா, சிவாஜி காரா என்று எட்டிப் பார்க்கவே ஒரு கூட்டம் காத்துக் கிடக்கும். வெளியூரில் இருந்து வந்தவர்கள் கூட மெரினாவைப் பார்த்துவிட்டு நேரே கேட்டுக்கு வந்துவிடுவார்களாம்.

தொண்ணூறு காசு கடன்

ஒரு நாள் நடந்த சம்பவத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

"ராஜா வேஷத்துல ஒருத்தர், மேக்கப் கூட கலைக்கல. பத்து காசு பொட்டலம் வாங்கிட்டு ஒரு ரூபா நீட்டினாரு. சில்லறை எண்ணுறதுக்குள்ள கேட் தொறந்துட்டாங்க. கார் போயிடுச்சு. பின்னாலயே ஓடினேன். ஸ்டூடியோ வாசல்ல வாட்ச்மேன் என்னைத் தொரத்திட்டான். வூட்டுக்கு வந்தா நைனா, 'அடுத்தவன் காசு நமக்கெதுக்கு'ன்னு முதுகுல ரெண்டு வச்சாரு. அந்தத் தொண்ணூறு காசைத் தனியா முடிஞ்சு வச்சுக்கிட்டு தினம் கேட்டாண்ட நிப்பேன். அந்தக் கார் வரவே இல்ல. அப்புறம் பாலம் தொறந்துட்டாங்க."

பாலம் வந்தது 1965-ல். ஊருக்கெல்லாம் நிம்மதி. கடலை வியாபாரிக்கு மட்டும் அன்றோடு பிழைப்பு போயிற்று. பாலத்தில் எந்தக் கார் நின்று கடலை வாங்கும்? தந்தை தள்ளுவண்டியை விற்றார். 12 வயது மகனின் படிப்பும் அத்தோடு நின்றது.

அடுத்த வருடமே பையன் விஜயா-வாகினி ஸ்டூடியோவில் டீ தூக்கப் போனான். ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோ என்று பேசப்பட்ட இடம் அது. காலையில் அரண்மனை, மாலையில் குடிசை என்று செட்டுகள் மாறும். செட் ஆசாரிகள், லைட்பாய்கள், துணை நடிகர்கள் என்று தெருவுக்குத் தெரு சினிமாக் குடும்பங்கள்தான்.

1977-ல் '16 வயதினிலே' வந்தது. பிறகு காமிராவை கிராமத்துக்கே தூக்கிக்கொண்டு போகும் பழக்கம் பெருகியது. செட்டில் வேலை குறைந்தது. டீ கிளாசும் குறைந்தது. 1984-ல் இவர் சொந்தமாகக் கடை போட்டார். முன்பணம் 5 ஆயிரம். மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

வாகினி வளாகத்தில் 1972-லேயே ஆஸ்பத்திரி வந்துவிட்டது. 2013-ல் மால் வந்தது. லிபர்ட்டி தியேட்டர் போயும் பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் லிபர்ட்டிதான். கண்டக்டர்கள் விட்டுக்கொடுக்கவில்லை!

வடபழனிக்கு 2015-ல் மெட்ரோ ரெயில் வந்தது. இரண்டாம் கட்டத்துக்கு 2020-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆற்காடு சாலையில் தகரத் தடுப்பு எழும்பியது. தடுப்புக்குப் பின்னால் கடை இருப்பதே தெரியாமல் போய், பாதி வாடிக்கை போயிற்று.

"ரெயிலு வந்தா ஊருக்கு நல்லதுதான். நான் வாணாம்னு சொல்லல. பாலம் வந்தப்பவும் நைனா வாணாம்னு சொல்லல" என்றார் அவர்.

கட்டிடக்காரர் பழைய 5 ஆயிரத்தைத் திருப்பித் தருகிறார். அதை வைத்துக்கொண்டு இதே சாலையில் ஒரு பெட்டிக்கடைக்குக் கூட முன்பணம் கட்ட முடியாது. மாங்காட்டில் மகள் வீட்டுக்குப் போகிறார். மகள் வீட்டு வாசலில் கடை போட மருமகன் சம்மதிப்பாரா என்று இன்னும் கேட்கவில்லையாம்.

பழைய இரும்புக் கடைக்காரர் பாய்லரை எடைக்குக் கேட்டிருக்கிறார். கொடுக்கவில்லை.

மாதக் கடைசி வரை காலை 5 மணிக்குக் கடை உண்டு.